வெறுமையாக விட்ட ஒன்பதாம் பக்கம்

எங்கள் பத்திரிகையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஞாபகம் வரக்கூடியவர்கள் இன்றைக்கு நாலைந்து பேர்தான் இருப்பார்கள். அதிலும் இரண்டு பேர் அதைத் திட்டிக் கடிதம் போட்டவர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், பதினாறு பக்கம். மாத்தளைக் கடைத்தெருவில் கலியாணக் கார்டும் மலிவு விற்பனை நோட்டீசும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில், எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்தோம். ஆரம்பித்தோம் என்று பெரிதாகச் சொன்னாலும் நாங்கள் மூன்று பேர்தான்.

ஆசிரியர் காணிக் கந்தோரில் எழுதுவினைஞர். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்து, மாத்தளையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். எங்கிருந்தோ வரவழைத்த வெளிநாட்டுக் கலைப் பத்திரிகைகளைக் கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார். ஊருக்கெல்லாம் நான் 'டீச்சர்' என்றால் அவர் வாயில் மட்டும் நான் 'ரீச்சர்'. அச்சகக்காரர் உக்குவளை முஸ்லிம். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவார். கவிதை அவருக்கு ஆகாது. ஆனால் ஓர் எழுத்துப் பிசகாமல் அச்சுக் கோப்பார். மூன்றாவது ஆள் நான். இரத்தோட்டையில் வீடு, அதற்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை. பத்திரிகைக்குப் படம் செதுக்குவது என் பொறுப்பு.

படத்துக்கு 'பிளாக்' செய்ய நாங்கள் எங்கே போவது? தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பிளேட்டால் செதுக்கி, பலாப்பலகைத் துண்டில் ஒட்டிக் கொடுப்பேன். மை அதில் நன்றாக ஒட்டும். கால் தெரியாமல் புத்தகத்தில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. அம்மா இதைப் பார்த்துவிட்டு, "படிச்ச புள்ள செய்யிற வேலையாடி இது? சரஸ்வதி மேலேயே செருப்ப வைக்கிற" என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் ஒரே சந்தோஷம். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அது நவீன கலைதான் என்று நினைத்த வயது.

முதல் இதழ்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே காது அடைக்கிறது. அவ்வளவு சத்தம். 'பழைய கவிதையைக் கொளுத்து! இலக்கணத்தை உடை! வாசகனைத் தூங்கவிடாதே!' முதல் அட்டையில் ஒரு புத்தகம் எரிகிற படம், நான்தான் செதுக்கினேன். தீ நாக்குகள் நன்றாக வந்திருக்கின்றன என்று எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது இதழிலேயே அச்சகத்தில் வியப்புக்குறிகள் தீர்ந்துபோயின. அச்சகக்காரர் அசரவில்லை. ஆங்கிலச் சின்ன 'ஐ' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கோத்துவிட்டார். "கலியாணக் கார்டுக்கு வருசம் முழுக்க ரெண்டு போதும் டீச்சர். ஒங்கட ஆளுக்கு ஒரு பக்கத்துக்கு இருவது வேணும். யாரோட இவ்வளவு கோவம்?" என்று கேட்டார். யாரோடு என்று எங்களுக்கும் தெரியாது.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரே ஒரு பக்கம் மட்டும் பேசாது. ஒன்பதாம் பக்கம். பத்திரிகையை விரித்தால் நடுவில் வலது பக்கம். அதில் ஒன்றும் இருக்காது. கீழே ஓரத்தில், உள்ளதில் மிகச் சின்ன எழுத்தில், 'இப்பக்கம் உங்களுடையது' என்று ஒரு வரி. அது ஆசிரியருடைய யோசனை. வாசகர்கள் அந்தப் பக்கத்தில் எழுதி அனுப்புவார்கள் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. "எழுதி அனுப்பினாலும் போடக்கூடாது, விளங்குதோ? அந்த வெறுமைதான் ரீச்சர் கவிதை" என்பார். எனக்கு விளங்கியது. அல்லது விளங்கியது மாதிரி இருந்தது.

ஒவ்வொரு இதழும் கட்டுக்கட்டாக மிஞ்சும். மிஞ்சியதை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கொப்பி ஒன்று கிடைப்பதே பெரிய பாடு. அவர்கள் ஒன்பதாம் பக்கத்தில் பெருக்கல் கணக்குப் போட்டார்கள், அம்மாமாருக்குச் சாமான் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். இதை ஆசிரியரிடம் நான் சொன்னதேயில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் மாத்தளைக் கடைத்தெரு எரிந்தது. அதைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கண்ணில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். ஆசிரியரின் அறையும் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டிகளும் போய்விட்டன. அச்சகம் மட்டும் தப்பியது. அச்சகக்காரர் அவரை உக்குவளையில் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். நாலாம் நாள் பஸ் ஓடத் தொடங்கியதும் நான் பார்க்கப் போனேன். ஆசிரியர் இரவல் சாரம் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அச்சகக்காரர் கொண்டுவந்து கொடுத்த கலைந்த ஈய எழுத்துகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அந்த மனிதர் கொடுத்த வேலை அது. முதல் இதழின் அட்டையைப் பற்றி நாங்கள் யாரும் பேசவில்லை. அந்தத் தீயைச் செதுக்கிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் கடைத்தெருவுக்கு நடுவால் போகிற ரோடுதான் நாவுல, தம்புள்ளை தாண்டி வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போகிறது. அந்த ரோட்டாலேயே ஆசிரியர் ஊருக்குப் போனார். போகும்போது பத்திரிகையை என்னிடம் ஒப்படைத்தார். "எதை வேணுமெண்டாலும் மாத்துங்கோ. ஒன்பதாம் பக்கத்தை மட்டும் நிரப்பிப்போடாதேங்கோ. இனி நாங்கள் என்னத்தைச் சொன்னாலும் அது சத்தம்தான். பொய் சொல்லாத இடம் அது ஒண்டுதான்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டினேன்.

அடுத்த இதழ் வந்தபோது பொலிசார் அச்சகத்துக்கு வந்தார்கள். பதினாறு பக்கத்தில் அவர்களுக்குச் சந்தேகம் தட்டியது அந்த ஒரே பக்கத்தில்தான். ஏன் ஒன்றும் எழுதவில்லை? நான் சிங்களத்தில் அது ஒரு கவிதை என்று விளக்கினேன். அதிகாரி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தேநீர்க் கேத்தலின் ஆவியில் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தார், பிறகு பல்புக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார். எழுத்து ஒன்றும் வரவில்லை. அவர்கள் போன பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கத்தையே திணறடித்த பக்கமல்லவா? அந்தப் பெருமை வந்திராவிட்டால் பின்னால் நடந்தது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த வருடம், ஐப்பசி மாதம். பகல் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மலையில் கொழுந்து பறிக்கிறவர், என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். படங்குச் சாக்கைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். ஒன்பதாம் பக்கம். மகளுக்குக் கணக்குப் போடக் கொடுத்த பத்திரிகையிலிருந்து, ஓரம் கிழியாமல் பிரித்து எடுத்திருந்தார்.

"பாப்பா பொஸ்தகத்துல பாத்தேன் டீச்சர். இந்தப் பக்கம் நம்மளுதுன்னு போட்டிருக்கு. அதான் எழுதிக்கிட்டு வந்தேன். இது எங்கெங்க போகுங்க? வவுனியாவுக்கும் போகுமா?"

"போகும்" என்றேன். வவுனியாவில் எங்களுக்கு இரண்டு வாசகர்கள் இருந்தார்கள்.

பென்சிலால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். மகனின் பெயர். வயது பத்தொன்பது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாததால் வவுனியாப் பக்கம் காடு வெட்டப் போனான். கலவரத்துக்குப் பிறகு கடுதாசி இல்லை. வலது புருவத்தில் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. கண்டவர்கள் சொல்லவும். கடைசி வரி: 'அம்மா சொகமா இருக்கேன்.' தாளின் மறுபக்கத்தில் பத்தாம் பக்கம். அதில் ஆசிரியரின் கவிதை, எழுத்துகள் தனித்தனியாகத் தூறல் மாதிரிக் கீழே இறங்கும்.

நான் என்ன செய்தேன்? ஆசிரியருக்குக் கடிதம் போட்டுக் கேட்டேன். பதில் வர இருபது நாள் சென்றது. அந்தத் தாயின் துயரம் பெரிது, ஆனால் ஒன்றைப் போட்டால் அந்தப் பக்கம் நோட்டீஸ் பலகையாகிவிடும் என்று எழுதியிருந்தார். 'எல்லாம் கூச்சலாகிப்போன காலத்தில் பேசாமல் இருக்கிற ஒரு இடத்தையாவது காப்பாற்றுங்கள்.' அந்த வசனம் எனக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு தடவை வாசித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு வசனம் அழகாக இருந்ததற்காக நான் அந்த அம்மாவின் தாளை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்கழி இதழ் வந்தது. அந்த அம்மா நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதழ் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றைக்கே வந்துவிட்டார். கொழுந்துச் சாயம் படிந்த விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டு, நடுப்பக்கத்தை விரித்தார். பார்த்தார். வெளிச்சம் போதவில்லையோ என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார்.

"எழுத்து பதியல போல இருக்கே டீச்சர். மிஷின்ல மை தீந்துபோச்சுங்களா?"

கோபித்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். வாய்க்கு நான் பஞ்சப்பட்டவள் இல்லை. அவரோ மெஷினுக்காக வருத்தப்படுகிறார். "ஆமாங்க. அடுத்ததுல சரியா வரும்" என்றேன். அவர் தலையாட்டி, வெறும் பக்கத்தை மெதுவாக மூடி, பத்திரிகையை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார்.

அந்தச் சனிக்கிழமை அச்சகத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அச்சகக்காரர் என்மேல் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அந்தப் பொம்புள எழுதினதக் கோக்க எனக்குப் பத்து நிமிசம் போதும். ஒங்கட வெறும் பக்கம்தான் டீச்சர் கஷ்டம். எழுத்தில்லாத எடமெல்லாம் கட்டை வச்சி அடைக்கணும், இல்லாட்டிப் பக்கம் நிக்காது. இவ்வளவு காலமும் ஒங்களுக்காக ஒண்ணுமில்லாததுக்கு மெனக்கெட்டிருக்கேன். ஒரு தாய்க்காகக் கொஞ்சம் மெனக்கெட ஏலாதா?"

மகனின் படத்தையும் போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம் அந்த அம்மாவிடம் இருந்தது. அதைப் பார்த்துச் செதுக்கித் தருகிறேன் என்றேன். எதில் என்று கேட்டார். சொன்னேன். "வேணாங்க டீச்சர். எம் புள்ள மொகத்த செருப்புலயா வைக்கிறது?" என்றார். அம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்தும் உறைக்காத எனக்கு அன்றைக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நான் செருப்பில் எதையும் செதுக்கவில்லை.

பங்குனி இதழின் ஒன்பதாம் பக்கத்தில் அவர் எழுதியது எழுதியபடி வந்தது. 'அம்மா சொகமா இருக்கேன்' என்பதைக்கூட நாங்கள் திருத்தவில்லை. ஆசிரியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதாமல்.

மூன்று வாரத்தில் வவுனியாவிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை செய்த வாசகர். அந்தப் பையனைத் தனக்கு நன்றாகத் தெரியும், புருவத் தழும்போடு தங்கள் ஆலையில்தான் மூட்டை தூக்கினான் என்று எழுதியிருந்தார். தை மாதம் முடியும்வரை இருந்தான். மாசியில் வேறு சில பொடியன்களோடு போய்விட்டான். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. 'சென்ற இதழில் இது வந்திருந்தால் அவன் கையிலேயே கொடுத்திருப்பேன்.'

கடிதத்தை அந்த அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். கடைசி வசனத்தை விட்டுவிட்டு வாசித்தேன்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "தை மாசம் வரைக்கும் உசுரோட இருந்திருக்கான் பாருங்க. மூட்ட தூக்கியிருக்கான்னா ஒடம்பு நல்லாத்தான் இருந்திருக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கடுதாசிய நான் வச்சுக்கவா டீச்சர்?" என்றார். அவருக்கு வாசிக்கத் தெரியும். "இல்லங்க, பத்திரிகை ஃபைலுக்கு வேணும்" என்று சொல்லி மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். மை தீர்ந்தது முதல் பொய், இது இரண்டாவது. அந்த மகன் திரும்பி வரவேயில்லை. சில வருடங்களில் அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப்போனது. கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பிறகு பிள்ளைகளைத் தேடும் கடிதங்கள் வரத் தொடங்கின. தோட்டங்களிலிருந்து, வன்னியிலிருந்து, மன்னாரிலிருந்து. சிலர் ஒன்பதாம் பக்கத்தைக் கிழித்து எழுதினார்கள், பத்திரிகையையே காணாதவர்கள் கொப்பித் தாளில் எழுதினார்கள். எண்பதுகளின் கடைசியில் கிளர்ச்சியை அரசாங்கம் அடக்கியதில் எங்கள் மாவட்டத்தில் சிங்களப் பிள்ளைகளும் காணாமல் போனபோது, நாவுலயிலிருந்து ஒரு தாய் தம்புள்ளை பஸ்ஸைப் பிடித்து நேரே அச்சகத்துக்கு வந்தார். அவர் சொன்னதைச் சிங்கள எழுத்திலேயே கோத்து, ஒரு தமிழ்க் கவிதைப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் போட்டோம். அதை அவர் யாரிடம் காட்டினார், என்ன பயன் வந்தது என்று எனக்குத் தெரியாது. போடாமல் இருக்க முடியவில்லை.

மற்றப் பக்கங்களும் மாறின. இனி இப்படி எழுதுவோம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. முன்பு சொற்களைக் கண்டதுண்டமாக வெட்டி எழுதியவர்கள், 'நேற்றும் பஸ் வரவில்லை, தங்கச்சி குடையோடு நின்றாள்' என்று எழுதத் தொடங்கினார்கள். எட்டாம் பக்கத்தில் கத்திவிட்டு ஒன்பதாம் பக்கத்துக்கு எதிரில் நிற்கக் கூச்சமாக இருந்திருக்கும். அச்சகக்காரர்தான் இதை முதலில் கண்டுபிடித்தார். ஒருநாள் எழுத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஒரு காலத்தில் பற்றாமல் போன வியப்புக்குறிகள் எல்லாம் தூசி படிந்து கிடந்தன. தேய்ந்திருந்தவை இலக்கங்கள். வயதும் உயரமும் திகதியுமாய்க் கோத்துக் கோத்து, ஒன்றும் இரண்டும் முகமே தெரியாமல் மழுங்கிவிட்டன. கொழும்பிலிருந்து ஒரு விமர்சகர், புதுமை செய்ய வந்த பத்திரிகை காணாமல் போனோர் பட்டியலாகச் சரிந்துவிட்டது என்று எழுதினார். வாசித்துவிட்டு அச்சகக்காரருக்குக் கொடுத்தேன். அவர் அதில் வடை எண்ணெயை ஒற்றினார்.

ஆசிரியர் ஆரம்பத்தில் கோபித்து இரண்டு கடிதம் எழுதினார். நீங்கள் என் பக்கத்தைக் கொன்றுவிட்டீர்கள் என்பதுதான் இரண்டின் சாரமும். பிறகு அங்கே கலியாணம் செய்தார், மகள் ஒருத்தி பிறந்தாள் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். தொண்ணூற்றைந்தில் தபால் குழம்பியதோடு அந்தத் தொடர்பும் விட்டுப்போயிற்று. நான் இதழ் போடும்போதெல்லாம் அவருடைய பழைய முகவரிக்கு ஒன்று அனுப்புவேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது.

அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு, யுத்தம் முடியப்போகிற கடைசி மாதங்களில், வவுனியா முத்திரையோடு ஓர் உறை வந்தது. முகவரி எழுதிய கையைப் பார்த்தவுடனே தெரிந்தது. அந்தக் காணிக் கந்தோர்க் கையெழுத்து மாறவேயில்லை. உள்ளே கடிதம் இல்லை. நாலாக மடித்த, பழுப்பேறிய ஒரு தாள் மட்டும். ஒன்பதாம் பக்கம். திருப்பிப் பார்த்தேன், எழுத்துகள் தூறலாக இறங்கும் அதே கவிதை. அந்த அம்மா எழுதிக் கொண்டுவந்த அதே இதழின் பக்கம். இத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் அதை ஒன்றும் எழுதாமல் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார்.

இப்போது எழுதியிருந்தார். மகளின் பெயர். வயது பதினேழு. உயரம் ஐந்தடி இரண்டு. நீலச் சட்டை, இடது கையில் மணிக்கூடு. கடல்நீரேரி தாண்டும்போது சனத்துக்குள் கை விடுபட்டது. கண்டவர்கள் சொல்லவும். கடைசி வரி: 'அப்பா சுகமாக இருக்கிறேன்.'

அந்த அம்மாவின் வாக்கியம். பங்குனி இதழ் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது, அவர் வாசித்திருந்தார், மறக்கவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு இரத்தோட்டையில் அடுத்த பஸ் ஏறினேன். அடுத்த இதழுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதைப் பற்றி யோசிக்கவேயில்லை.

அச்சகத்தில் அந்நேரம் அச்சகக்காரரின் மகன்மார் கம்ப்யூட்டரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழைய மெஷின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அச்சகக்காரருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைந்துவிட்டது. தாளை விளக்குக்குக் கிட்டே பிடித்து வாசித்தார். யார் எழுதியது என்று கேட்கவில்லை. "மகன் அடிச்சா அஞ்சு நிமிசத்துல முடியும். ஆனா இது நான் கோக்கிறேன்" என்று எழுந்தார். எழுத்துப் பெட்டியில் இலக்கங்கள் இருந்த குழியில் மழுங்காத ஒன்றையும் ஏழையும் விரலால் தடவித் தேடி எடுத்தார். "பதினாறு பக்கத்துக்குக் காத்திருக்க ஏலா டீச்சர். இத மட்டும் அடிப்போம்."

அடித்தோம். அதுதான் எங்கள் பத்திரிகையின் கடைசி இதழ்: ஒரே ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. மை காயும்வரைகூடப் பொறுக்காமல் வவுனியா முகாம்களுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும், தெரிந்த ஒவ்வொரு வாசகருக்கும் அனுப்பத் தொடங்கினோம். உறை வாங்கவும் நேரம் இல்லை. தாளை மடித்து, வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் முகவரியையும், கண்டால் எங்களுக்கு எப்படி அறிவிப்பது என்பதையும் எழுதினோம். கடைசித் தாளை எழுதி முடித்தபோது அதில் ஒரு விரற்கடை இடமும் மிஞ்சியிருக்கவில்லை.